முதல் அங்கத்தோடு ஓராண்டு: வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதத்துக்கு ஒரு புத்தகம் என்று ஓடியது போதும், ஒரே நாடகத்தை எடுத்து நிதானமாகப் படிப்போம் என்று சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் தீர்மானித்தோம். ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ முடிவானது. ஆறு மாதத்தில் ஐந்து அங்கமும் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். 11 கூட்டங்கள் நடந்தன. முடித்தது முதல் அங்கம் மட்டும். வேகம் போதாது என்று இரண்டு உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் கடிதத்தைக் கோப்பில் சேர்த்திருக்கிறேன். ஆனாலும் இந்த வட்டம் தொடங்கியதிலிருந்து இவ்வளவு உருப்படியாகப் படித்த ஆண்டு வேறில்லை என்பதே என் எண்ணம். ஏன் என்று சொல்லிவிட்டுக் கணக்குக்கு வருகிறேன்.

முதல் கூட்டம் பின்னணிக்கே சரியாகப் போனது. 1599 செப்டம்பர் 21 அன்று தாமஸ் பிளாட்டர் என்ற சுவிஸ் பயணி லண்டனில் சீசர் நாடகம் ஒன்றைப் பார்த்ததாகக் குறித்து வைத்திருக்கிறார். கூரை வேய்ந்த அரங்கு, சுமார் 15 நடிகர்கள், முடிவில் ஓர் ஆட்டம். அது இந்த நாடகம்தான் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். அச்சில் வந்ததோ 1623இல், ஆசிரியர் இறந்த பிறகு. கதைக்கு மூலம் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளுட்டார்க் எழுதிய வாழ்க்கை வரலாறுகள். அதை 1579இல் தாமஸ் நார்த் ஆங்கிலத்தில் கொடுத்திருந்தார். புளுட்டார்க் சொன்னதையும் ஷேக்ஸ்பியர் மாற்றியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என்று அன்றே ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். ஆண்டு முழுக்கக் கைகொடுத்தது அந்தப் பழக்கம்தான்.

முதல் காட்சியில் சீசரும் இல்லை, அவரைக் கொல்லும் சதியில் சேரப்போகும் புரூட்டஸும் இல்லை. விடுமுறை கொண்டாட வீதிக்கு வந்த தொழிலாளிகளை பிளேவியஸ், மருல்லஸ் என்ற இரண்டு மக்கள் பிரதிநிதிகள் தடுத்து நிறுத்துகிறார்கள். செருப்புத் தைக்கும் ஒருவர் சிலேடையாகவே பதில் சொல்லி அவர்களைத் திணறடிக்கிறார். ஆங்கிலத்தில் செருப்பின் அடிப்பாகத்துக்கும் ஆன்மாவுக்கும் ஒரே ஓசை. இதைத் தமிழில் என்ன செய்வது என்று முக்கால் மணி நேரம் பேசினோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியரான நம் மூத்த உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “கெட்டுப்போன உள்ளங்...” என்று இழுத்து நிறுத்தி, “...காலுக்கு ஒட்டுப் போடுகிறவன் ஐயா!” என்று முடித்தார். அறை குலுங்கிச் சிரித்தது. அந்த வரி அப்படியே நம் குறிப்பேட்டில் ஏறியது.

சிரிப்பு அடங்கும் முன்பே மருல்லஸின் வசவு வருகிறது. சீசரிடம் தோற்ற தளபதி பாம்பியை அன்று பார்க்கக் கைக்குழந்தையோடு மதில் ஏறி, கோபுரம் ஏறி, புகைபோக்கி உச்சி வரைக்கும் ஏறிக் காத்துக் கிடந்தவர்கள்தானே நீங்கள். இன்று அந்தப் பாம்பியின் பிள்ளைகளை வென்று வருகிறவனுக்கா பூத் தூவுகிறீர்கள் என்கிறார். பண்டைய ரோமில் புகைபோக்கி ஏது என்று ஒருவர் கேட்டார். லண்டன் கூரைகள் ரோமுக்குள் வந்துவிட்டன, அவ்வளவுதான். காலத்தையும் ஷேக்ஸ்பியர் இப்படித்தான் கலக்கிறார். சீசரின் வெற்றி ஊர்வலம் நடந்தது கி.மு. 45 அக்டோபரில், லூப்பர்க்கல் திருவிழா கி.மு. 44 பிப்ரவரி 15இல். இரண்டையும் ஒரே நாளில் தைத்துவிட்டார்.

இரண்டாம் காட்சிதான் எங்களை ஐந்து மாதம் பிடித்து வைத்துக்கொண்டது. சீசருக்கு முடி சூட்ட முயலும் சம்பவம் இந்தக் காட்சியில் நடக்கிறது. ஆனால் மேடையில் நடப்பதில்லை. வெளியே கூட்டத்தின் ஆரவாரம் கேட்கிறது. உள்ளே, சீசருக்கு எதிராகச் சதிக்கு ஆள் சேர்க்கும் காசியஸ் புரூட்டஸிடம் பேசிக்கொண்டிருக்கிறான். இதை வாசித்துப் பார்த்தால் போதாது என்று கல்லூரி மாணவர்கள் மூவரை மாடிப்படியில் நிறுத்தி, புத்தகத்தில் குறிப்பு வரும் இடத்தில் எல்லாம் கத்தச் சொன்னோம். முதல் ஆரவாரத்தில் புரூட்டஸாக வாசித்தவர் வரியைத் தவறவிட்டார். இரண்டாவதில் நாங்கள் எல்லோருமே கதவைத் திரும்பிப் பார்த்தோம். காட்சி முடிந்ததும் படியில் நின்ற மாணவி எட்டிப் பார்த்து, “மூன்றாவது எப்போது சார்?” என்று கேட்டாள். தேடினோம். காசியஸ் “மூன்று முறை கத்தினார்களே” என்கிறான், வெளியே நடந்ததைப் பார்த்துவிட்டு வந்து சொல்லும் காஸ்காவும் மூன்று முறை முடி நீட்டப்பட்டது என்கிறான். மேடைக் குறிப்பிலோ இரண்டே ஆரவாரம். பதிப்பில் நேர்ந்த விடுபாடா, வேண்டுமென்றே விட்டதா என்பதை முடிவு செய்ய முடியவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு நாங்கள் வாசித்த விதமே மாறிவிட்டது. முடியை நாம் பார்க்கவே இல்லை. சீசருக்கு அதை விட மனமில்லை, விரல் அதிலேயே இருந்தது என்று நமக்குச் சொல்வது காஸ்கா ஒருவன். அவனோ அடுத்த காட்சியிலேயே சதியில் சேருகிறவன்.

இந்த அங்கம் முழுக்கக் காதால் நடப்பது என்று அப்புறம்தான் பிடிபட்டது. மார்ச் 15ஆம் நாள் எச்சரிக்கையாக இரு என்று குறிசொல்பவன் கூவுகிறான். யார் அது என்று சீசர் கேட்க, அந்த எச்சரிக்கையை அவரிடம் எடுத்துச் சொல்பவன் புரூட்டஸ்! கனவு காண்பவன், விடுங்கள் என்று சீசர் நடந்துவிடுகிறார். கொஞ்ச நேரம் கழித்து, காசியஸ் ஆபத்தானவன் என்று துல்லியமாகக் கணித்துவிட்டு, “வலப்பக்கம் வா, இந்தக் காது கேட்காது” என்று தன் நண்பன் ஆண்டனியிடம் சொல்கிறார். அந்தச் செவிட்டுக் காது புளுட்டார்க்கில் இல்லை.

மொழிபெயர்ப்பில் எங்களுக்குப் பெரிய பிடி கொடுத்தது, ஷேக்ஸ்பியர் கால ஆங்கிலத்திலும் இருந்த ‘நீ’யும் ‘நீங்க’ளும்தான். காசியஸ் முகத்துக்கு நேரே புரூட்டஸை மரியாதைப் பன்மையில்தான் அழைக்கிறான். இருவரும் மைத்துனர்கள் என்பது அடுத்த அங்கத்தில் தெரியவரும். புரூட்டஸ் வெளியேறிய மறுநொடி, தனியாக நின்று, “சரி புரூட்டஸ், நீ உயர்ந்தவன்தான்” என்று ஒருமைக்கு இறங்குகிறான். உன் உயர்ந்த குணத்தையும் வளைக்கலாம் என்று தொடர்கிறான். தமிழில் இதை மாற்றாமல் அப்படியே கொண்டுவர முடிந்தது எங்களுக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

அந்தத் தனிமொழியில்தான் கடிதங்கள் வருகின்றன. பல கையெழுத்தில், பல குடிமக்கள் எழுதியதுபோல எழுதி, அன்றிரவே புரூட்டஸின் சன்னலுக்குள் எறியப் போவதாகக் காசியஸ் சொல்கிறான். மூன்றாம் காட்சியில் இன்னும் சில தாள்களைச் சதியில் உடனிருக்கும் சின்னாவிடம் கொடுத்து, ஒன்றைப் புரூட்டஸின் நாற்காலியில் வை, ஒன்றைப் பழைய புரூட்டஸின் சிலையில் மெழுகால் ஒட்டு என்கிறான். ரோமின் கடைசி அரசனை விரட்டியவன் அந்தப் பழைய புரூட்டஸ். புளுட்டார்க்கைத் திறந்தால், அங்கே இந்த வாசகங்களை எழுதுகிறவர்கள் உண்மையான குடிமக்கள். மக்களின் குரலைப் பறித்துக் காசியஸின் கையில் பொய்யாகக் கொடுத்தவர் ஷேக்ஸ்பியர். இதைக் கண்டுபிடித்த கூட்டம் இரவு ஒன்பதரை வரை நீண்டது. பூட்டுவதற்காகக் காத்திருந்த காவலாளி அண்ணனிடம் வட்டத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இடியும் மழையுமான மூன்றாம் காட்சியை இரண்டே கூட்டங்களில் முடித்துவிட்டோம். நண்பகலில் சந்தையில் ஆந்தை உட்கார்ந்ததும், எரியும் கையோடு அடிமை ஒருவன் நின்றதும் எல்லோருக்கும் பிடித்திருந்தது. என் மனத்தில் நின்றது ரோமின் பேச்சாளர் சிசரோ. மனிதர்கள் எதையும் தங்கள் போக்கில், அதன் உண்மைப் பொருளுக்குச் சம்பந்தமே இல்லாமல் புரிந்துகொள்வார்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்.

இன்னொன்றையும் பதிவு செய்ய வேண்டும். முதல் காட்சியில் அவ்வளவு பேசிய மருல்லஸும் பிளேவியஸும் பிறகு என்ன ஆனார்கள்? சீசரின் சிலைகளிலிருந்து துணிகளை இழுத்துப் போட்டதற்காக அவர்கள் ‘மௌனமாக்கப்பட்டார்கள்’ என்று காஸ்கா போகிற போக்கில் ஒரு வரி சொல்கிறான். புளுட்டார்க்கில் பதவி பறிபோனது என்று தெளிவாக இருக்கிறது. நாடகம் இந்த ஒரு சொல்லோடு கதவைச் சாத்துகிறது. நான் கல்லூரியில் தேர்வுக்காகப் படித்தபோது இந்த வரி கண்ணில் பட்டதே இல்லை. இந்த முறை உரக்க வாசித்தபோது அறையில் யாரும் அடுத்த வரிக்குப் போகவில்லை.

கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். செலவில் பெரும்பகுதி நகல் எடுக்கத்தான் ஆனது. மொழிபெயர்ப்புக் குறிப்பேடு இரண்டு நோட்டாகியிருக்கிறது. தட்டச்சு செய்ய முன்வந்த இரண்டு உறுப்பினர்களுக்கும், மாதம் தவறாமல் சுண்டல் கொண்டுவந்த அக்காவுக்கும், மாடி அறையை வாடகையின்றித் தந்த உரிமையாளருக்கும் நன்றி.

அடுத்த கூட்டம் வழக்கம்போல இரண்டாம் ஞாயிறு மாலை 4 மணிக்கு. இரண்டாம் அங்கம், புரூட்டஸின் தோட்டத்தில், விடியாத நேரத்தில் தொடங்குகிறது. சன்னலருகே கிடக்கும் கடிதத்தை எடுத்துக் கொடுக்கும் சிறுவன் லூசியஸாக வாசிக்க ஓர் இளங்குரல் தேவை. வீட்டுப் பிள்ளைகளை அழைத்து வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்