முகூர்த்தத்துக்குச் செடிபுட்டா

ஏட்டி,

நல்லா இருக்கியா? போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சின்னவளுக்கு ஆவணியில் கல்யாணம் என்று சொன்னேன் இல்லையா, மண்டபம், சமையல் எல்லாம் பேசியாச்சு, சேலையில்தான் ஒரு மாதம் போயிற்று. ஆடி பிறக்கும் முன்னே பட்டு எடுத்துவிட வேண்டும் என்று நான் பறக்கிறேன் (அதே ஆடியில் தள்ளுபடிக்கு முண்டியடிப்பவளும் நான்தான், சிரிக்காதே), அவள் பட்டே வேண்டாம் என்கிறாள். கேட்டால் பட்டுப்புழு. கூட்டுக்குள் இருக்கும்போதே அவித்தால்தான் இழை அறாமல் வரும், அதுவாகத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால் நூல் துண்டு துண்டாகிவிடும், ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் கூடு வேண்டும் என்று கணக்குச் சொல்கிறாள். எனக்கும் தெரிந்த விஷயம்தான். தெரிந்துதான் பீரோவில் பதினோரு பட்டு வைத்திருக்கிறேன்.

சரி, எதைக் கட்டிக்கொண்டு மணையில் உட்காரப் போகிறாய் என்றேன். வீரவநல்லூர் செடிபுட்டா என்றாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பெரியவள் கல்யாணத்துக்குக் காஞ்சிபுரம் வரைக்கும் கார் பிடித்துப் போனவள் நான், பத்தமடை, சேரன்மகாதேவி தாண்டினால் வருகிற ஊரில் தறி ஓடுவது தெரியும், என்ன நெய்கிறார்கள் என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. சௌராஷ்டிரக்காரர்கள் கைத்தறியில் நெய்வது, நூலும் செயற்கைப் பட்டும் கலந்தது, பெயரில் இருக்கிற மாதிரியே செடியும் புட்டாவுமாக விழும். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பேப்பரில் படித்ததோடு சரி. நேரில் கையில் எடுத்துப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன், அவ்வளவு அழகு. வருகிற வழியில் பத்தமடையில் இறங்கி, மாப்பிள்ளை பெண் பெயர் போட்டு ஒரு கல்யாணப் பாய்க்கும் சொல்லிவிட்டு வந்தோம்.

ஆனால் கூறைச்சேலை எடுப்பது மாப்பிள்ளை வீடல்லவா. சம்பந்தி அம்மா முகம் சுருங்கிவிட்டது. "நூல் கலந்ததையா தாலி கட்டுறதுக்குக் கட்டுவா, நாலு பேரு என்ன சொல்லுவா?" கூறைநாட்டில் நெய்த கூறைச்சேலையே பட்டும் பருத்தியும் கலந்ததுதான் என்று நான் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் உள்ளே படுத்திருந்த என் மாமியார், "எனக்குத் தாலி கட்டுனது முழு நூல் சேலையிலதான், பட்டுக்கு எங்க அய்யாகிட்ட துட்டு ஏது, இவன பெத்தப்ப தொட்டில் கட்டுனதும் அதுலதான்" என்று குரல் கொடுத்தார்கள். சம்பந்தி அம்மா அதற்கு மேல் முகூர்த்தச் சேலையைப் பற்றிப் பேசவில்லை. சாயங்காலம் ரிசப்ஷனுக்குத் தான் எடுத்துத் தரும் பட்டைத்தான் கட்ட வேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள், இவள் லெஹங்காவை வாடகைக்குச் சொல்லியிருக்கிறாள், அந்தப் பஞ்சாயத்து இன்னும் ஓடுகிறது. மாப்பிள்ளைக்கு ஒரு தொந்தரவும் இல்லை, வேட்டி சட்டை, முடிந்தது.

இந்தக் கூத்தில் உன் ஞாபகம்தான் வந்தது. பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் சர்ச்சில் நீ வெள்ளைச் சேலையும் தலையில் நெட்டுமாக நடந்து வந்தபோது, பக்கத்தில் இருந்த எங்கம்மா "நல்ல நாளும் அதுவுமா வெள்ளையா கட்டுவா?" என்று என் தொடையைக் கிள்ளினாள். சாயங்காலம் நீ அரக்குப் பட்டில் வந்து நின்ற பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது. உனக்கு ஒன்று தெரியுமா, 1840இல் விக்டோரியா ராணி வெள்ளை உடுத்திக் கல்யாணம் செய்த பிறகுதான் அந்த நாட்டிலேயே அது பரவியிருக்கிறது. அதற்கு முன்னால் கையில் இருக்கிற நல்ல கவுன் எந்த நிறமோ அதுதான் கல்யாண உடுப்பு. நீ அன்றைக்கு ஜாக்கெட் தைக்க அதே வெள்ளையில் நூல் கிடைக்கவில்லை என்று அழுத அழுகைக்கு அந்த ராணிதான் பதில் சொல்ல வேண்டும்.

ஜாக்கெட் என்றதும் நினைவு வருகிறது. புழுவுக்கு இரங்கின மகராசி, ஜாக்கெட்டுக்கு ஆரி வேலைப்பாடு சொல்லியிருக்கிறாள், கூலி சேலை விலையைத் தாண்டிவிட்டது. அம்மாவுக்கு இரக்கப்பட ஆளில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பார்லர்காரப் பிள்ளைக்குப் பட்டைத்தான் முந்தின நாளே மடித்து அயர்ன் பண்ணி வைக்கத் தெரிகிறது, தறியிலிருந்து இறங்கின இந்தப் புதுச் சேலை அவள் கையில் விறைத்துக்கொண்டு நிற்கிறது, இரண்டு தடவை கட்டிப் பார்த்தும் கொசுவம் விசிறி மாதிரி விரிகிறது. ஹாஸ்டலில் அத்தனை பேருக்கும் கஞ்சி போட்ட காட்டனைக் கட்டிவிட்டவள் நீ. முந்தின நாள் மத்தியானமே வந்துவிடு, அத்தானையும் கூட்டிக்கொண்டு வா. அதிகாலை நாலு மணிக்கு எழுப்புவேன், ஊக்கு நான் வைத்திருக்கிறேன்.

உன் பழைய ரூம்மேட்