இரண்டு வாளித் தண்ணீருக்கு ஒரு விண்ணப்பம்

மதிப்பிற்குரிய குடியிருப்போர் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். சுற்றுச்சுவர் ஓரம் மரத்தடியில் கறுப்புக் காரை நிறுத்துபவன் எழுதுகிறேன். சென்ற மாதச் சுற்றறிக்கையை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. வளாகத்துக்குள் யாரும் சொந்தமாகக் கார் கழுவக் கூடாது என்றீர்கள். ஒப்பந்தக்காரரின் ஆட்களே தினமும் விடியற்காலையில் எல்லாக் கார்களையும் துடைத்துவிடுவார்கள், அதற்கான தொகை பராமரிப்புக் கட்டணத்தோடு சேரும் என்றீர்கள். தொகையைக் கட்டிவிட்டேன். அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் பானெட்டின்மேல் சாய்ந்து விழுந்தபோதுதான் பார்த்தேன். சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் வட்ட வட்டமாகக் கீறல்கள். ஓட்டுநர் பக்கக் கதவில் துணி போய்வந்த வழி அப்படியே பதிந்திருந்தது. விசிறிபோல் ஒரு வளைவு, அதன்மேல் இன்னொரு வளைவு, கைப்பிடிக்குக் கீழே நேராக இரண்டு கோடுகள். செயலாளரை அழைத்துக் காட்டினேன். "எங்கே?" என்று கேட்டார். அவர் வந்தது மாலையில், நிழல் விழுந்த பிறகு. இந்தக் கீறல்கள் நிழலில் தெரியாது, விரலுக்கும் தட்டுப்படாது. நாளை காலை வெயிலில் வந்து பார்க்கும்படி அவரைக் கேட்டுக்கொண்டேன். நாளை இன்னும் வரவில்லை.

சுற்றறிக்கை வருவதற்கு முந்தைய மூன்று ஞாயிறுகளையும் அந்தக் காருக்கே கொடுத்திருந்தேன் என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். கழுவி, பெயிண்டில் ஒட்டியிருந்த சொரசொரப்பைக் அதற்கென்றே விற்கும் களிமண் போன்ற கட்டியால் வழித்தெடுத்து, இரண்டடிக்கு இரண்டடி என்று பகுதி பிரித்து பாலிஷ் செய்து, கடைசியாக மெல்லிய வேக்ஸ் பூச்சு. பாலிஷ் என்றால் ஏதோ பூசுகிறார்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது சீவுவது. பெயிண்டுக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத ஒரு படலம் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அதன் தடிமன் 40, 50 மைக்ரான்தான், தலைமுடி ஒன்றைவிட மெல்லியது. கீறலைப் போக்க அந்தப் படலத்தைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக் குறைக்க வேண்டும். குறைந்தது திரும்ப வளராது. ஆகவே, "மறுபடி பாலிஷ் போட்டால் சரியாகிவிடுமே" என்று செயலாளர் சொன்ன யோசனையை வருடத்துக்கு நான்கு முறை நிறைவேற்ற முடியாது.

துடைக்கும் தொழிலாளியின் மேல் எனக்கு வருத்தமில்லை. அவரிடம் இருப்பது ஒரு வாளி, ஒரு துணி, ஒரு காருக்கு இரண்டு நிமிடம். வரிசையில் என் கார் பன்னிரண்டாவது. அதற்குள் வாளித் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்துவிடுகிறது. ஒருநாள் விடியற்காலையில் எழுந்துபோய் நின்று பார்த்தேன். பக்கத்துக் காரின் சக்கரத்தைத் துடைத்த துணி, ஒரு முக்கு முக்கப்பட்டு, நேராக என் பானெட்டுக்கு வந்தது. சக்கரத்தில் படிவது வெறும் புழுதி அல்ல, பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் துகள்களும் சேர்ந்தது. ராத்திரியெல்லாம் படிந்த மணல் தூசியைத் தண்ணீர் விட்டு இளக்காமல் துணியால் இழுப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். இதைத் தினமும் செய்கிறீர்கள். நான் பணமும் கட்டுகிறேன்.

அதனால் என் கோரிக்கை ஒன்றுதான்: என் காரைத் துடைக்க வேண்டாம், நானே கழுவிக்கொள்கிறேன்.

தண்ணீர் வீணாகிறது என்பது நீங்கள் சொன்ன காரணம். நியாயமான காரணம். ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டுக் காரைச் சுற்றி நடப்பவரைத் தடுங்கள், நானே கைதட்டுகிறேன். பத்து நிமிடத்தில் நூறு லிட்டருக்கு மேல் போய்விடும். எனக்கு வேண்டியது பத்து லிட்டர் வாளி இரண்டு. ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் துணியை அலசச் சுத்தமான தண்ணீர். கூரையில் தொடங்கிக் கீழே இறங்கி, சக்கரத்துக்குத் தனித் துணி வைத்து, வெயில் ஏறுமுன் துடைத்து உலர்த்திவிடுவேன். அழுக்குத் தண்ணீரை மழைநீர் வடிகாலில் விடாமல் கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றுவேன்.

தண்ணீர்ச் சிக்கனம் பற்றிய உங்கள் அறிவிப்பு தோட்டத்துக் குழாய்க்கு மேலே ஒட்டப்பட்டிருக்கிறது. அந்தக் குழாய் நான் குடிவந்த நாள் முதல் ஒழுகுகிறது. அறிவிப்பு நனையாமலிருக்க பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறீர்கள். முன்யோசனையைப் பாராட்ட வேண்டும். ஒரு வாஷர் மாற்றினால் உறையின் செலவு மிச்சமாகியிருக்கும். மன்னிக்கவும், குழாயைப் பற்றிப் பேச வந்தவனல்ல நான்.

பறவை எச்சத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதற்காகத்தான் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மரத்தடியில் நிறுத்துபவனுக்கு அது அன்றாடப் படி. வெயிலில் சில மணி நேரம் காய்ந்தால் அதிலுள்ள அமிலம் கிளியர் கோட்டை அரித்துத் தழும்பாக்கிவிடும். சுரண்டினாலோ கீறும். ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்து மெல்ல ஒற்றி எடுப்பதுதான் வழி. அப்படி ஒரு குவளைத் தண்ணீரோடு நின்றபோது காவலர் விசிலடித்தார். மறுநாள் கடிதம்: "வளாகத்தில் வாகனம் கழுவியது முதல் முறை என்பதால்..." ஒரு குவளை, ஐயா. அந்த நேரத்தில் தோட்டத்துக் குழாய் அதைவிட அதிகம் சிந்தியிருக்கும்.

"இந்தக் காரைத் துடைக்க வேண்டாம்" என்று அட்டையில் எழுதி வைப்பரில் செருகியும் பார்த்தேன். காலையில் அட்டை பக்குவமாக எடுக்கப்பட்டு, கண்ணாடி துடைக்கப்பட்டு, மறுபடி அதே இடத்தில் செருகப்பட்டிருந்தது.

எனவே தயவுகூர்ந்து கேட்கிறேன். ஒப்பந்தக்காரரின் பட்டியலிலிருந்து என் காரை நீக்குங்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்குள், இரண்டு வாளிக்கு மிகாமல், சொந்தமாகக் கழுவிக்கொள்ள அனுமதியுங்கள். வாளிகளை வேண்டுமானால் உங்கள் முன்னிலையிலேயே நிரப்புகிறேன். கட்டணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, அதில் அந்த வாஷரை வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மரத்தடிக் கறுப்புக் காரின் உரிமையாளர்