குற்றாலத்தில் சாரல் என்றால் புக்கெட் பக்கம் போகாதே

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். பதினாலு தீவு. மே மாதம் தாய்லாந்தின் சூரத் தானியில் இங்கிலீஷ் டீச்சராகப் புருஷனும் பொண்டாட்டியும் சேரப் போகிறீர்கள், வருஷக் கடைசிக்குள் பதினாலையும் முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். உன் கல்யாணப் பத்திரிகை வைக்க சித்தி ஒரே நாளில் மேலூரில் ஆரம்பித்து மாட்டுத்தாவணி வரைக்கும் வீடு வீடாக ஏறி இறங்கினாரே, அந்த ரத்தம்தான் இது. நானும் உன் மாமாவும் அங்கே நாலு வருஷம் அதே வேலை பார்த்தவர்கள்தான். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். நம் ஊரிலிருந்து இன்னும் சில பேர் அதே வேலைக்குக் கிளம்புவதாகக் கேள்வி. அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே போடுகிறேன்.

பட்டியலில் முதலில் கண்ணில் பட்டது இது: ஜூலையில் சிமிலன், நவம்பரில் கோ சமுய். இரண்டும் தலைகீழ். சிமிலன் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரைக்கும் மூடியே வைத்திருப்பார்கள். நவம்பரில் சமுய் போனால் அறை ஜன்னலில் மழை வழிவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். (கோ என்றால் தீவு. அங்கே எல்லாப் பெயருக்கும் முன்னால் ஒரு கோ வரும், ராஜா என்று நினைத்துவிடாதே.)

படத்தைப் பார்த்துத் தீவைத் தேர்ந்தெடுக்காதே, காற்றைப் பார்த்துத் தேர்ந்தெடு. இதை நான் கற்றுக்கொள்ள ஒன்றரை வருஷம் ஆனது. இத்தனைக்கும் மதுரையில் பிறந்தவளுக்கு அது ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான், தெரியும் என்பதுதான் தெரியவில்லை. தாய்லாந்தின் தெற்குப் பகுதி ஒரு ஒல்லியான வால். மேற்கே அந்தமான் கடல், கிழக்கே தாய்லாந்து வளைகுடா, நடுவில் மலைத்தொடர். தென்மேற்குக் காற்று வந்தால் மேற்குக் கரை நனையும், மலை தடுத்து கிழக்குக் கரையை ஓரளவு காப்பாற்றும். கேரளாவில் கொட்டும்போது கம்பம், தேனி தாண்டி நமக்கு வெறும் காற்று மட்டும் வருகிறதே, அதே கணக்கு. பிறகு காற்று திரும்பி வடகிழக்கிலிருந்து வீசும்போது வளைகுடாப் பக்கம் மழை. நம் ஐப்பசி, கார்த்திகை மழையேதான், கடல் மட்டும் வேறே.

ஆகவே நான் வைத்திருந்த சூத்திரம் இவ்வளவுதான். குற்றாலத்தில் சாரல் என்றால் மேற்குக் கரையில் இருக்கிற புக்கெட், கிராபி, லந்தா, லிப்பே, சிமிலன் எல்லாம் வேண்டாம். வளைகுடாவில் இருக்கிற சமுய், பங்கன், தாவ் பக்கம் போ. மதுரையில் தீபாவளி மழை என்றால் சமுய் பக்கம் வேண்டாம். நவம்பர் பாதிக்கு மேல் அந்தமான் பக்கம் தெளிந்துவிடும், ஏப்ரல் வரை போகலாம். அம்மாவிடம் போனில் "அங்கே மழையா?" என்று கேட்டே நான் படகு டிக்கெட் எடுத்திருக்கிறேன். உன் மாமா சிரிப்பார். ஆனால் பலித்தது.

இது சும்மா நனைகிற விஷயம் மட்டுமில்லை. 2018 ஜூலை 5 அன்று புக்கெட் அருகே சுற்றுலாப் படகு ஒன்று புயலலையில் கவிழ்ந்து 47 சீனப் பயணிகள் இறந்தார்கள். ஜூலை, மேற்குக் கரை. உன் பட்டியலில் அதே மாதம், அதே கரை.

நாங்களும் புத்திசாலிகளாகப் போய் இறங்கவில்லை. முதல் வருஷ அக்டோபர் லீவில் லிப்பேக்கு அறை போட்டோம். பணம் திரும்பாது என்று எழுதியிருந்ததால் மலிவாகக் கிடைத்தது. பாக் பாராவிலிருந்து ஸ்பீட் படகு. ஒவ்வொரு அலைக்கும் படகு எழும்பித் தரையில் விழுவது போல விழுந்தது. உன் மாமா வாந்தி எடுத்து முடித்து, எடுக்க ஒன்றுமில்லாமல், "அழகர்மலையானே" என்றார். மூன்று நாளும் மழை, பாதிக் கடை மூடியிருந்தது. திரும்பி வந்து வகுப்பில் சொன்னேன். அப்பா படகில் வேலை பார்க்கிற ஒரு பையன், "டீச்சர், அக்டோபர், லிப்பே, வொய்?" என்றான். நாலே வார்த்தை. நான் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ்.

சூரத் தானிக்கு அந்தப் பெயர் நம் குஜராத்துச் சூரத்திலிருந்து வந்தது. 1915-ல் அவர்கள் ராஜா வைத்தார். ஊருக்குள் ஓடும் ஆற்றுக்கும் தபதியின் பெயர்தான், தபி என்பார்கள். இப்படி அங்கே பாதி விஷயம் வேஷம் மாறிய நம் விஷயமாக இருக்கும். உன்னைப் பிள்ளைகள் "க்ரூ" என்று கூப்பிடும், அது குரு. பெரிய வகுப்பில் "ஆஜான்", அது ஆச்சாரியர். மரியாதை உண்டு. சம்பளம்தான் வெள்ளைக்காரனுக்கு ஒன்று, நமக்கும் பிலிப்பைன்ஸ்காரர்களுக்கும் ஒன்று. இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கடிதம் தீவுக்குப் போகாது, விடு.

ஆனால் சம்பளத்தில் ஒரு விஷயம் தீவோடு சம்பந்தப்பட்டது. பல ஒப்பந்தங்கள் பத்து மாதத்துக்குத்தான். எங்களை வேலைக்கு வைத்த ஏஜென்சியும் அப்படியே. மார்ச்சில் பள்ளி மூடினால் மே நடுவில் திறக்கும் வரை சம்பளம் கிடையாது. கையெழுத்துப் போடும்போது அந்த வரியை நாங்கள் படிக்கவில்லை. பெரிய லீவு இருக்கும்போது பணம் இருக்காது, பணம் இருக்கும்போது லீவு இருக்காது. நீ கையெழுத்துப் போடும் முன் எத்தனை மாதச் சம்பளம் என்று எண்ணிப் பார்.

அதனால்தான் சொல்கிறேன், பெரிய லீவை நம்பாதே, வெள்ளிக்கிழமையை நம்பு. ஊரில் பான் டான் படகுத்துறை என்று ஒன்று இருக்கிறது. ராத்திரி பதினொரு மணி வாக்கில் அங்கிருந்து தீவுகளுக்கு இரவுப் படகு கிளம்பும். கீழே சரக்கு: தண்ணீர் கேன், முட்டைக்கோஸ் மூட்டை, சிமெண்ட். மேலே வரிசையாக மெத்தை போட்டிருக்கும், நம்பர் எழுதியிருக்கும். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் படுத்திருப்பது போல எல்லாரும் வரிசையாகப் படுக்க வேண்டியதுதான். என் பக்கத்தில் ஒரு முறை ஒரு பாட்டி ஒரு கூடைக் கோழிக்குஞ்சோடு படுத்திருந்தார். விடிகாலையில் எஞ்சின் சத்தம் தணியும். எழுந்து பார்த்தால் கறுப்பாக ஒரு மலை தண்ணீரில் உட்கார்ந்திருக்கும், அதன் காலடியில் நாலைந்து விளக்கு. அறை வாடகை ஒரு ராத்திரிக்கு மிச்சம். ஞாயிறு ராத்திரி அதே படகில் ஏறினால் திங்கள் விடியலில் ஊர். அந்த ஊரில் தினமும் காலை எட்டு மணிக்குத் தேசிய கீதம். கொடிக்கம்பத்துக்குக் கீழே தலையில் உப்போடு எத்தனை திங்கள் நின்றிருக்கிறேன், தெரியுமா?

பத்து நாள் டிக்கெட்டில் வருகிற டூரிஸ்ட்டுக்குத்தான் பதினாலு தீவு வேண்டும். அங்கேயே குடியிருக்கிற உனக்கு எதற்கு? நாங்கள் நாலு வருஷத்தில் கோ தாவுக்கு மட்டும் பதினோரு தடவை போனோம். தாவ் என்றால் ஆமை. 21 சதுர கிலோமீட்டர்தான், ஆனால் மேடு பள்ளம் அதிகம். அங்கே வாடகை ஸ்கூட்டர் எடுக்காதே, முழங்கால் தோல் போய்விடும். பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்கிற கடையில் எதையுமே எடுக்காதே. நாலாவது தடவை போனபோது சோற்றுக்கடை அக்கா எங்களைப் பார்த்ததும் "நாம் ப்லா இல்லை, இல்லை" என்று அவராகவே கை ஆட்டினார். நாம் ப்லா என்றால் மீனை உப்பில் ஊறவைத்து எடுக்கிற சாறு, காய்கறிப் பொரியலில்கூட அது விழும். ஏழாவது தடவை அவர் மகளின் இங்கிலீஷ் நோட்டை என்னிடம் நீட்டினார். பக்கத்திலேயே நாங் யுவான் என்று மூன்று குன்றை மணல் திட்டு சேர்த்துவைத்திருக்கும் இடம் உண்டு. பிளாஸ்டிக் பாட்டிலோடு இறங்கவிட மாட்டார்கள், எவர்சில்வர் பாட்டில் கொண்டு போ. சனிக்கிழமை காலை, பகல் படகுகள் வரும் முன் பார்த்தால்தான் அது அழகு. பத்தரைக்கு மேல் கடைகள் நிறைந்திருந்த காலத்து நம் புதுமண்டபம்தான், அவ்வளவு கூட்டம்.

சரி, பட்டியலில் இருக்கிற மாயா பே, அந்தமான் பக்கத்து ஃபி ஃபி தீவுக் கடற்கரை. கூட்டத்தால் பவளப்பாறை நாசமாகி 2018 ஜூனில் மூடி, 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இப்போது வருஷாவருஷம் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மூடுகிறார்கள். படகு தீவின் பின்பக்கம் நிற்கும், நடந்து போக வேண்டும், தண்ணீரில் முழங்கால் அளவுதான் இறங்கலாம், நீந்தக் கூடாது. எல்லாரும் குறைபட்டார்கள். எனக்கோ தாய்லாந்திலேயே எனக்காகச் சட்டம் போட்ட ஒரே கடற்கரை அதுதான் என்று பட்டது. தேசியப் பூங்காத் தீவுகளில் பவளத்தைக் கெடுக்கும் சில ரசாயனங்கள் கலந்த சன்ஸ்கிரீனையும் 2021-ல் தடை செய்துவிட்டார்கள். அபராதம் ஒரு லட்சம் பாட் வரைக்கும் போகும். மதுரையில் வாங்கிக்கொண்டு போகும் முன் பின்பக்க எழுத்தைப் படி.

இதையெல்லாம் ரொம்பக் கெடுபிடி என்றுதான் நினைத்தேன். ஊர் திரும்பிய பிறகுதான் நம் மன்னார் வளைகுடா ஞாபகம் வந்தது. பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவு. 1986-ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள், அதற்கு முன்னாலேயே சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்தாயிற்று. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்று இரண்டு தீவு கடலுக்குள்ளேயே போய்விட்டது. மதுரையிலிருந்து பஸ்ஸில் மூன்றரை மணி நேரத் தூரத்தில் இது நடந்திருக்கிறது, நானோ சிமிலனுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

சிமிலன் போகும் வழியில் தகுவாபா என்று ஒரு ஊர் வரும். ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த இடம். குளம் வெட்டி, அவனிநாரணம் என்று பேர் வைத்து, மணிக்கிராமத்தார் என்ற வணிகர்களின் காவலில் விட்டதாகச் சொல்கிறது. அவர்கள் ஒரு காற்றில் அங்கே போய், காற்று திரும்பும் வரை காத்திருந்து, மறு காற்றில் வீடு திரும்பியவர்கள். உன் மாமா வேனை நிறுத்தச் சொன்னார். மற்றவர்களுக்குப் படகைப் பிடிக்கிற அவசரம், டிரைவர் நிறுத்தவில்லை. நீ போனால் நிறுத்து.

அப்புறம் லங்காவி. லிப்பேயிலிருந்து சீசனில் மலேசியாவின் லங்காவிக்கு நேராகப் படகு உண்டு, இதையும் பட்டியலில் சேர்த்திருக்கிறாய். எங்களோடு வேலை பார்த்த ஒருவர் அப்படித்தான் ஒரு சனிக்கிழமை ஜாலியாகப் போனார். வேலை விசாவில் இருப்பவர்கள் நாட்டை விட்டு வெளியே கால் வைக்கும் முன் ரீ-என்ட்ரி பெர்மிட் வாங்க வேண்டும். ஒரு தடவைக்கு 1,000 பாட், பல தடவைக்கு 3,800. வாங்காமல் போனால் விசா அங்கேயே செத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை டூரிஸ்ட்டாகத் திரும்பி வந்தார். திங்கள்கிழமை முதல் எல்லாக் காகிதமும் ஆரம்பத்திலிருந்து. அவர் அந்த 1,000 பாட்டை மிச்சம் பிடித்தவரில்லை, அவருக்கு விஷயமே தெரியாது. இப்போது உனக்குத் தெரியும்.

ஏப்ரலில் எங்கே போவது என்று கேட்பாய். எங்கேயும் போகாதே, வீட்டுக்கு வா. சித்திரைப் பிறப்போடு ஒட்டி ஏப்ரல் 13 முதல் 15 வரை அவர்களுக்குச் சோங்க்ரான், அதாவது சங்கராந்தி. ஊரே தெருவில் நின்று தண்ணீர் அடிக்கும், படகில் இடம் கிடைக்காது, அறை விலை ஏறிவிடும். முதல் வருஷம் அதைப் பார்க்க நின்றோம். யாரோ ஒரு சின்னப் பையன் பிளாஸ்டிக் துப்பாக்கியால் முகத்தில் பீய்ச்சினான். எனக்கு ஆற்றுக்குள் தோல் பையைத் தூக்கிக்கொண்டு அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சுகிற கூட்டம் ஞாபகம் வந்துவிட்டது. கோபமே வரவில்லை, அழுகைதான் வந்தது. அடுத்த மூன்று வருஷமும் லீவில் ஊருக்கு வந்துவிட்டோம். இந்தத் தடவை நீ அழகரைப் பார்த்துவிட்டே கிளம்பலாம், நாள் சரியாக இருக்கிறது.

முக்கியமானதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். உனக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் போனேன். நமக்குக் கடல் என்றால் ராமேஸ்வரம்: அக்னி தீர்த்தத்தில் மூன்று முழுக்கு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, பிறகு 22 தீர்த்தம், ஈரத்துணியோடு சாமி. கோ தாவிலிருந்து முதல் தடவை அம்மாவுக்கு வீடியோ கால் போட்டபோது, "இன்னைக்கு அமாவாசையா? எதுக்குடி கடல்ல நிக்கிறீங்க?" என்றார். நம் ஊரில் நான் பார்த்த ஒரே தீவு தெப்பக்குளத்து மைய மண்டபம். அதற்கும் முன்பெல்லாம் பாதி நாள் நடந்தே போவோம்.

லைஃப் ஜாக்கெட் போட்டால் போதும் என்பார்கள். போதாது. முதல் தடவை முகமூடியும் குழாயும் மாட்டித் தண்ணீரில் மூஞ்சியை வைத்தபோது, கீழே மீன் தெரிந்த அடுத்த நொடியே ஆழமும் தெரிந்துவிட்டது. உன் மாமாவின் கழுத்தைப் பிடித்தேன், அவருக்கும் நீச்சல் தெரியாது. படகுக்காரர் இரண்டு பேரையும் மூட்டை தூக்குவது போலத் தூக்கிப் போட்டார். நாலு வருஷம் நான் படகு ஓரத்தில் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்பைக் காவல் காத்தேன். சமுய், பங்கன் கரைகளில் கம்பத்தில் வினிகர் பாட்டில் தொங்கும். கொடுக்குள்ள பெட்டி ஜெல்லி மீன் தீண்டினால் ஊற்றுவதற்கு. நான் முதலில் ஊறுகாய் சமாச்சாரம் என்று நினைத்தேன். கரையில் சிவப்புக் கொடி இருந்தால் நீச்சல் தெரிந்தவர்களும் இறங்கக் கூடாது, அதை மறக்காதே.

உங்கள் தோட்டத்துக் கிணற்றில் இப்போது இரண்டு ஆள் ஆழம் தண்ணீர் இருப்பதாகச் சித்தப்பா சொன்னார். சித்திரை முற்றினால் மோட்டார் போட்டு இறைத்துவிடுவார்கள். ஊரில் இருக்கிற நாள் கொஞ்சம்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் வருகிறேன். முதுகில் கட்ட இரண்டு காலி எண்ணெய்க் கேன் எடுத்து வைத்திருக்கிறேன், ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. புதுப்பொண்ணுக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டுச் சொல், மூன்றாவது கேனுக்கு எதிர்வீட்டில் சொல்லி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
தெப்பக்குளம், மதுரை