பயிற்சிக்குப் பின் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அலுவலகங்களில் நடத்தப்படும் குழுப் பயிற்சிகளும் தலைமைப் பண்புப் பயிற்சிகளும் கடைசி நாளில் நிரப்பித் தரும் கருத்துப் படிவத்தோடு முடிந்துபோவதை, பல ஆண்டுகள் குழுத் தலைவராக இருந்தவன் என்ற முறையில் வருத்தத்துடன் எழுதுகிறேன். அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் பயிற்சியின் பயனை அளக்க நான்கு படிகளை வகுத்தார்: பங்கேற்றவரின் மனநிறைவு, கற்றறிந்தது, பணியில் நடத்தை மாற்றம், நிறுவனத்துக்குக் கிடைத்த விளைவு. நாம் முதல் படியிலேயே நின்றுவிடுகிறோம்.

நான் கலந்துகொண்ட ஒரு முகாமில், வழக்கமாகப் பேசவே தயங்கும் இளம் ஊழியர் ஒருவர், கண்களைக் கட்டிக்கொண்டு கயிற்றைச் சதுரமாக்கும் விளையாட்டில் எங்கள் அனைவருக்கும் அழகாக வழிகாட்டினார், எல்லோரும் கைதட்டினோம். அடுத்த வாரக் கூட்டத்தில், பணி அட்டவணையில் இருந்த ஒரு பிழையை அவர் சுட்டிக்காட்டத் தொடங்கியதுமே, மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தபடி, “அப்புறம் பார்க்கலாம்” என்றார். அந்த இளைஞர் குறிப்பேட்டை மூடினார். அதன்பின் அவர் எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்கவில்லை. அன்று குறுக்கிட்டுப் பேசாதது என் தவறும்தான்.

குழு உருவாகும்போது மோதல் ஒரு கட்டமாகவே வரும் என்று அமெரிக்க உளவியலாளர் புரூஸ் டக்மன் 1965-இலேயே விளக்கினார். அதை ஒருநாள் விளையாட்டால் தாண்டிவிட முடியாது. ஆகவே, முகாமுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை மேலாளர்களுக்கான தொடர் வழிகாட்டலுக்குச் செலவிட்டு, மூன்று மாதம் கழித்து அவர்களது குழுவினரிடமே மாற்றம் உண்டா என்று நிறுவனங்கள் கேட்டறிய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்