மெரூன் ஸ்வெட்டர் குடுத்த அக்காவுக்கும் மத்த எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். தலை தீபாவளிக்கு கோத்தகிரி மாமனார் வீட்டுக்குப் போயிட்டு தூத்துக்குடி திரும்பி பத்து நாள் ஆச்சு. நேத்துதான் பெட்டியை முழுசா காலி பண்ணேன், அடியில ஒரு மெரூன் கலர் ஸ்வெட்டர் கெடக்கு. என்னோடது இல்ல, என் வீட்டுக்காரியோடதும் இல்ல. போன் போட்டுக் கேட்டா அத்தை, "நம்ம வீட்டுது இல்லையே மாப்ள, பக்கத்து லைன்ல யாராச்சும் குடுத்திருப்பாங்க"ன்னு சொல்றாங்க. அப்பதான் யோசிச்சுப் பாத்தேன், அந்த அஞ்சு நாள்ல எனக்கு உதவி பண்ணவங்கள்ல பாதிப்பேரோட பேரே எனக்குத் தெரியாது, சில பேரு முகம்கூட சரியாத் தெரியாது. தனித்தனியா தேடிப்போய் நன்றி சொல்ல வழியில்ல, அதான் இப்படிப் பொதுவா எழுதுறேன். அந்தப் பக்கத்துக்காரங்க யாராச்சும் படிச்சா உரியவங்ககிட்ட சொல்லிருங்க.

மொதல்ல என் தப்பை ஒத்துக்கிறேன். கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம், கடல் மட்டத்துல இருந்து. நாங்க அந்தக் கடல் மட்டத்துலயே பொறந்து வளந்த ஆளுங்க. ஐப்பசி மழையில மலைக்குப் போறோம் ஸ்வெட்டர் எடுத்துக்கோங்கன்னு அவ பத்து தடவை சொன்னா, "நாலு நாளைக்கு எதுக்குடி, நான் பாக்காத காத்தா"ன்னு பெரிய இவன் மாதிரி சொல்லிட்டேன். அந்த எடத்துல பெட்டிக்குள்ள நான் வச்சது என்ன தெரியுமா, ரெண்டு கிலோ மாசிக் கருவாடு.

மாசி ஏன்னா, அவளோட அப்பாயி சிலோன்ல இருந்து வந்தவங்க. 1964ல இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டாங்கல்ல, இந்தியாவுக்கு அஞ்சேகால் லட்சம் பேரு, இலங்கைக்கு மூணு லட்சம் பேருன்னு அங்க இருந்த இந்திய வம்சாவளித் தமிழ் ஆளுங்களைக் கணக்குப் போட்டுப் பிரிச்சாங்களே, அந்தக் கணக்குல இந்தப் பக்கம் விழுந்த குடும்பம். நுவரெலியா பக்கத்து எஸ்டேட். அப்படி வந்தவங்களுக்கு வேலை குடுக்கத்தான் 1968ல அரசாங்கம் நீலகிரியில தேயிலைத் தோட்டம் போட ஆரம்பிச்சுச்சு, அதுதான் பின்னாடி டேன்டீங்குற தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டக் கழகம் ஆச்சு. கல்யாணத்துக்கு அப்பாயியால மலை எறங்கி வர முடியல. என்ன வேணும்னு போன்ல கேட்டப்போ அவங்க கேட்டது ஒன்னே ஒன்னு, "நல்ல மாசி கெடைச்சா கொண்டு வாங்க தம்பி".

தூத்துக்குடியில இருந்து மேட்டுப்பாளையத்துக்கு வாரம் ரெண்டு நாள் ரயில் விட்டிருக்காங்க, 2024ல இருந்து. தீபாவளிக் கூட்டத்துல ஒரு பெர்த்துதான் கன்ஃபார்ம் ஆச்சு. நான் உக்காந்தே வர்றதைப் பாத்து ராத்திரி பாதிக்கு மேல எழுந்து, "நீங்க கொஞ்சம் படுங்க"ன்னு தன்னோட எடத்தைக் குடுத்த பொள்ளாச்சி அண்ணனுக்கு மொத நன்றி.

மேட்டுப்பாளையத்துல கோத்தகிரி பஸ் ஏறுனோம். மாசியை நாலு பாலித்தீன் கவர் போட்டு சுத்தி வச்சிருந்தேன், ரயில்ல யாருக்கும் தெரியல. குஞ்சப்பனை செக்போஸ்ட்ல பஸ்ஸை நிறுத்தி பிளாஸ்டிக் இருக்கான்னு பாத்தாங்க. நீலகிரி மாவட்டத்துக்குள்ள பிளாஸ்டிக் கவர், பாட்டில் எதுவும் கொண்டு போகக் கூடாது, எனக்கு அது பாட்டிலுக்கு மட்டும்னு நெனப்பு. நாலு கவரையும் கழட்டி வாங்கிட்டாங்க. அது அவங்க வேலை, நான் குறை சொல்லல. ஆனா நாலாவது கவர் கழண்டதும் பஸ்ல வந்த அமைதி இருக்கே! அப்புறம் ஒவ்வொரு ஜன்னலாத் தெறக்குற சத்தம், வெளிய மழை வேற. முன் சீட்டுல ஒரு பையன் அவங்கம்மாகிட்ட "அம்மா எலி செத்துருச்சா"ன்னு கேட்டான், என் வீட்டுக்காரி முந்தானையை மூஞ்சில போட்டுக்கிட்டு யாரோ மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா.

அப்ப பக்கத்து சீட்டுல வெள்ளைத் துணி போத்தின ஒரு படுகர் பாட்டி, ஒன்னுமே சொல்லாம தன் மஞ்சப்பையில இருந்த முருங்கைக்காயை எல்லாம் எடுத்து மடியில வச்சுக்கிட்டு பையை என்கிட்ட நீட்டுனாங்க. கீழ இருந்து பேத்திக்கு வாங்கிட்டுப் போற முருங்கைக்கா, அதை மடியிலயே வச்சுக்கிட்டு கோத்தகிரி வரைக்கும் வந்தாங்க. பாட்டி, உங்க பை என்கிட்டதான் இருக்கு. தொவைச்சு வச்சிருக்கேன், வாசம் போகத்தான் மாட்டேங்குது.

கண்டக்டர் அண்ணனுக்கும் சொல்லணும். "இது கருவாடா பொணமா"ன்னு மொதல்ல சத்தம் போட்டாரு, நானும் பையோட என்னை எறக்கிவிட்டுருவாருன்னுதான் நெனச்சேன். ஆனா பையை வாங்கிட்டுப் போய் தன் சீட்டுக்குக் கீழ, கடைசி ஜன்னல் ஓரமா வச்சுக்கிட்டாரு. அந்த வாடையில ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தாரு மனுசன். ரெண்டு மணி நேரம் ஏன்னா, குஞ்சப்பனை தாண்டி கொஞ்ச தூரத்துல ரோட்டுக்குக் குறுக்க மரம் விழுந்து கெடந்துச்சு. தீயணைப்பு வண்டி வர்றதுக்குள்ளயே பக்கத்துல இருந்த ஆளுங்க அரிவாள், கோடாலியோட வந்து கிளையை எல்லாம் வெட்ட ஆரம்பிச்சுட்டாங்க, அப்புறம் தீயணைப்புத்துறை மிஷின் ரம்பத்தை வச்சு நடு மரத்தை அறுத்தாங்க. மழையில நனைஞ்சுக்கிட்டே வேலை பாத்த அத்தனை பேருக்கும் நன்றி. நான் எறங்கி ஒரு கிளையைப் பிடிச்சு இழுத்தேன், வழுக்கி விழுந்தேன், "நீங்க பஸ்லயே இருங்க சார்"னு மரியாதையா அனுப்பி வச்சாங்க.

வாந்திக்கு எலுமிச்சம்பழம் குடுத்த காலேஜ் பொண்ணுங்களுக்கும் நன்றி, அதுக்கு மேல அதைப் பத்தி எழுத வேண்டாம்.

கோத்தகிரி போய்ச் சேரும்போது மத்தியானம் தாண்டிருச்சு, மாமனார் ஊருக்குப் போற பஸ்ஸை விட்டுட்டோம், கீழ்க்கோத்தகிரி பக்கம் போன ஒரு ஜீப்ல ஏறி ரோட்டு முக்குல எறங்குனோம். அங்க இருந்து தேயிலைக் காட்டுக்குள்ள முக்கால் கிலோமீட்டர் நடக்கணும், இருட்டிக்கிட்டு வருது. மச்சினன் அனுப்புன பொடியன் ஒருத்தன் டார்ச்சோட நின்னுட்டு இருந்தான், எட்டாவது படிக்கிறானாம். பாதி வழியில கையை நீட்டி நிறுத்தி "அண்ணே, மாடு நிக்குது"ன்னான். மாடுதானேன்னு நான் "ஹை ஹை"ன்னு ரெண்டு அடி முன்னால போனேன். அவன் என் சட்டையைப் பிடிச்சு இழுத்த இழுப்புல பட்டன் தெறிச்சுருச்சு. டார்ச் வெளிச்சத்துல பாத்தா முழங்காலுக்குக் கீழ வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி ஒரு மலை நிக்குது. காட்டெருமை. அந்தப் பக்கம் எல்லாரும் அதை சும்மா மாடுன்னுதான் சொல்வாங்களாம், சாயங்காலமானா தேயிலைக்குள்ள வந்து நிக்குமாம், வீட்டு மாட்டைச் சொல்ற மாதிரியே சொல்றாங்க. கால் மணி நேரம் மூச்சு விடாம நின்னோம், அதுவா நகந்து போச்சு. தம்பி, எங்க வீட்டுல ஒரு தாலி இன்னும் இருக்குன்னா அதுக்கு நீதான் காரணம். பட்டன் போனா போகுது.

இந்த ஸ்வெட்டர் கதை அன்னைக்கு ராத்திரி நடந்தது. வீட்டுக்குப் போனா கரண்ட் இல்ல, மழையில ஏதோ லைன் அறுந்துருச்சு. மாப்பிள்ளை பாக்க லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீடுகள்ல, இருந்த எல்லாரும் வந்திருக்காங்க, ஒத்தை மெழுகுவத்தி. நான் பல்லு அடிக்காம இருக்க வாயை இறுக்கி மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன், "மாப்பிள்ளை பேசவே மாட்டாரோ"ன்னு யாரோ கேட்டாங்க. கொஞ்ச நேரத்துல பின்னாடி இருந்து ஒருத்தங்க வந்து தோள்ல இதைப் போட்டுட்டு, "போட்டுக்கங்க தம்பி, வெக்கப்படாதீங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. கண்ணாடி வளையல் சத்தம் கேட்டுச்சு, முகம் தெரியல. ஸ்வெட்டர் அவங்க போட்டுக்கிட்டு இருந்தது போல, உள்பக்கம் சூடா இருந்துச்சு. அந்தக் குளிர்ல அவங்க எப்படி வீடு போய்ச் சேந்தாங்கன்னு இப்பதான் யோசிக்கிறேன்.

அடுத்த நாள் அப்பாயிகிட்ட மாசியைக் குடுத்தேன். எண்பது வயசு இருக்கும், காது கொஞ்சம் மந்தம். ஒரு கட்டையை எடுத்து மோந்து பாத்தாங்க, இன்னொரு கட்டையோட தட்டிப் பாத்தாங்க, டக்கு டக்குன்னு மரக்கட்டை சத்தம். நல்ல மாசி அப்படித்தான் இருக்கணும், சூரை மீனை அவிச்சு, புகை போட்டு, வெயில்ல கல்லாக் காய வைக்கிறது. "இதுதான் மாசி, இங்க சந்தையில விக்கிறது எல்லாம் கருவாடு"ன்னாங்க. எங்க ஊருக்கு இதைவிடப் பெரிய சர்டிபிகேட் வேற யாரு குடுப்பா. அப்புறம் யாரையும் கிட்ட விடல, அவங்களே உக்காந்து மாசியை உரல்ல போட்டு இடிச்சு, காஞ்ச மொளகா, சின்ன வெங்காயம், உப்பு, எலுமிச்சம்பழம் சேத்து கட்டச் சம்பல் பண்ணாங்க, தொட்டுக்க தேங்கா ரொட்டி. கண்ணுல தண்ணி வர்ற காரம். நான் ஆறு ரொட்டி தின்னேன், பால் ஊத்தாத சாயத்தண்ணியை வெல்லத்தைக் கடிச்சுக்கிட்டுக் குடிச்சேன். லயத்துல ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கரண்டி சம்பல் போச்சு, வயசான ரெண்டு மூணு பேரு அதைக் கையில வாங்கிட்டு நின்ன எடத்துலயே நக்கிப் பாத்தாங்க.

சாப்பிட்டுட்டு இருக்கும்போது நான் குளிர்ல நடுங்குறதைப் பாத்து அப்பாயி சிரிச்சாங்க. "தம்பி, நாங்க ராமானுஜம் கப்பல்ல வந்து ராமேஸ்வரத்துல எறங்குனோம், மண்டபம் கேம்ப்ல போட்டாங்க, அப்ப உங்க கடற்கரை வெயில்ல நாங்க பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமா. குளிர்லயே பொறந்த புள்ளைங்க, உடம்பு பூரா வேர்க்குரு. உங்க மாமா எட்டு வயசுப் பையன், சட்டையே போட மாட்டேன்னு அழுவான். பதநீ விக்கிற ஒரு ஆளு தெனம் அவனுக்கு ஒரு ஓலைப்பட்டை ஊத்திக் குடுப்பான், காசு வாங்க மாட்டான்"னாங்க. மாமா பக்கத்துல உக்காந்து ரொட்டியையே பாத்துக்கிட்டு இருந்தாரு, அவரு பொதுவாவே அதிகம் பேச மாட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, "ரெண்டு பட்டை குடுப்பான்"னாரு. அவ்வளவுதான்.

தீபாவளி அன்னைக்கு விடியக்காலம் நாலரை மணிக்கு எண்ணெய் தேச்சுவிட்டாங்க, வெறகு அடுப்புல அண்டா அண்டாவா வெந்நீர் காய வச்ச மச்சினனுக்கு நன்றி, அவன் மூணு மணிக்கே எழுந்திருக்கான். நான் கொண்டு போன பட்டாசு நமத்துப் போச்சு, பக்கத்து வீட்டு அண்ணன் அடுப்பு மேல பலகை போட்டு காய வச்சு எடுத்துட்டு வந்த வெடியைக் குடுத்தாரு. பட்டாசை அடுப்பு மேல காய வைக்கிற ஊரை நான் இப்பதான் பாக்குறேன், பயமாவும் இருந்துச்சு. நான் கொண்டு போன துணியும் அஞ்சு நாளும் காயல, அதுவும் அடுப்புக்கு மேலதான் தொங்குச்சு, இப்ப எங்க பீரோவைத் தெறந்தா புகை வாசம்.

மழை விட்ட ஒரு நாள் கோடநாடு வியூ பாயிண்ட் கூட்டிட்டுப் போனாங்க. மாயாறு தெரியும், பவானிசாகர் தண்ணி தெரியும், ரங்கசாமி மலை தெரியும்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தாங்க. போய் நின்னா பால் ஊத்துன மாதிரி வெள்ளையா ஒன்னு தெரிஞ்சுச்சு, அதான் வியூ. திரும்பி வர்ற வழியில தேயிலைக்குள்ள எறங்கி போட்டோ எடுத்ததுல கால்ல ரெண்டு அட்டை. உப்பு வச்சு எடுத்துவிட்ட கொழுந்து பறிக்கிற அக்காவுக்கு நன்றி, நான் கத்துன கத்துக்கு மன்னிப்பு. அன்னைக்கு ராத்திரியே காய்ச்சல் வந்துருச்சு, பண்டிகை நாள்னுகூட பாக்காம ஊசி போட்டு, "கடல்காரங்களா, அப்ப சரியாத்தான் இருக்கு"ன்னு சிரிச்ச நர்ஸம்மாவுக்கும் நன்றி.

கெளம்புறப்போ அத்தை ரெண்டு கிலோ தேயிலைத் தூள் குடுத்தாங்க. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல பச்சைக் கொழுந்து வேணும்னு மாமா சொன்னாரு. ரெண்டு இலை ஒரு மொட்டுன்னு கிள்ளிக் கிள்ளி அத்தை முப்பது வருசமா பறிக்கிறாங்க, கட்டை விரல்ல கறை போகவே போகாது. அந்தக் கையாலதான் எனக்கு ஊட்டி விடாத குறையா சோறு போட்டாங்க. அத்தை, வீட்டாளுக்கு எதுக்கு நன்றின்னு நீங்க திட்டுவீங்க, அதனால உங்களுக்கும் மாமாவுக்கும் நான் சொல்லல.

இப்ப ஸ்வெட்டர் விசயம். தூத்துக்குடி வெயில்ல இதைப் போட்டுப் பாத்தேன், என் அம்மா "ஏல, கிறுக்கு புடிச்சிருச்சா"ன்னு கேட்டாங்க. பொங்கலுக்கு வர்றோம், கையோட கொண்டு வந்து குடுத்துருவேன். ஆனா அத்தை விசாரிச்சதுல இது தங்களோடதுன்னு இதுவரைக்கும் மூணு பேரு சொல்லியிருக்காங்களாம், எல்லாருக்கும் மாசி வேணும் போல. அதனால ஒரு கண்டிசன். ஸ்வெட்டர் பாக்கெட்ல ரெண்டு பொருள் இருந்துச்சு, அப்படியே வச்சிருக்கேன். அது என்ன என்னன்னு அத்தைகிட்ட சரியாச் சொல்ற அக்காவுக்கு ஸ்வெட்டரோட ஒரு கிலோ மாசியும் ஒரு டப்பா மக்ரூனும். இந்தத் தடவை துணிப்பையில.