அட்டையால் மூடிய ஆட்டம்

அன்பு நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. வேலூர் வெயிலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா நலம், மூட்டு வலி மட்டும் விடவில்லை.

பெரிய ஆட்டக்காரர்களின் செஸ் ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நம் ஆட்டம் தேறுமா என்று கேட்டிருந்தாய். இரண்டு வருடம் நானும் சும்மா பார்த்தேன், தேறவில்லை. 2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியனான 14-வது ஆட்டத்தை நேரலையில் பார்த்தேன். எதிரே ஆடிய டிங் லிரன் யானைக்கு (ரூக்) யானை வெட்டக் கொடுத்ததும், யார் கை ஓங்குகிறது என்று திரையோரத்தில் காட்டும் கணினியின் மதிப்பெண் அவருக்குச் சரிந்தது, நானும் கத்தினேன். “ஏன்பா, அது தப்பா?” என்று மகள் கேட்டாள். பதில் தெரியவில்லை. மூலையில் மாட்டியிருந்த டிங்கின் மந்திரியையும் (பிஷப்) குகேஷ் தன் மந்திரிக்கு மாற்றாக வெட்ட வைத்துவிடுவார், மிஞ்சுவது ராஜாவும் சிப்பாய்களும் மட்டுமே உள்ள ஆட்டம், அதில் குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம். இது எனக்கு மறுநாள்தான் புரிந்தது. மனசு கனத்துப் போயிற்று.

அப்புறம் வழியை மாற்றினேன். காய்களைப் பலகையில் அடுக்கி, பெரிய ஆட்டக்காரர் ஒருவரின் ஆட்டத்தில் வரிவரியாக எழுதியிருக்கும் நகர்த்தல்களை ஓர் அட்டையால் மூடிவிடுவேன். ஜெயித்தவர் பக்கம் உட்கார்ந்து, அடுத்து எந்தக் காய், ஏன் என்று நோட்டில் எழுதிய பிறகே அட்டையை ஒரு வரி இறக்குவேன். ஓர் ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. தொடக்க நகர்த்தல்களில் யூகம் வேண்டாம், அவை பெரும்பாலும் மனப்பாடம்.

முன்னாள் உலக சாம்பியன் கபாபிளாங்கா 1924-இல் நியூயார்க்கில் டார்டகோவரை வென்ற ஆட்டம் என்னை உலுக்கிவிட்டது. யானை முடிவாட்டம், அதாவது ராஜா, சிப்பாய்களோடு யானைகள் மட்டுமே மிஞ்சிய கடைசிக் கட்டம். எதிரி யானை சிப்பாயைக் குறிவைத்து நிற்கிறது. ஏழாவது வரிசைக்குப் போன யானையைத் திரும்ப இழுத்துச் சிப்பாயைக் காப்பேன் என்று எழுதினேன். அட்டையை இறக்கினால், மனுஷன் ராஜாவை நடக்க விடுகிறார்! இரண்டு சிப்பாய்கள் செக்கோடு போகின்றன, அவர் கவலைப்படவே இல்லை. ராஜா எதிரி ராஜாவின் வாசல் வரை போய் நிற்கிறது, கூடவே ஒரு சிப்பாய். இழந்த சிப்பாய்கள் தாமாகத் திரும்பி வருகின்றன. முடிவாட்டத்தில் ராஜாவை ஒளித்தே வைத்திருந்தவன் நான். கோட்டை அகழியோரப் புல்வெளியில் உன்னிடம் தோற்ற ஆட்டங்களில் பாதி அப்படிப் போனவைதான்.

சரி, அடுத்த மாதம் காட்பாடியில் இறங்கும்போது சுருட்டி எடுத்துவரும் உன் பழைய செஸ் பலகையைக் கொண்டு வா. முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்புக்கு வீட்டில் சொல்லிவிட்டேன். ஓர் ஆட்டத்தை அட்டை போட்டு மூடி வைத்திருக்கிறேன், யாருடையது என்று இப்போது சொல்ல மாட்டேன். நாம் இருவரும் தனித்தனி நோட்டில் எழுதுவோம்.

என்றும் உன்,
பழைய எதிராளி