இரண்டரை ஒயரும் 32 ஆம்பியரும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஏற்காட்டில் வீடு கட்டும் சிலர் அண்மையில் எங்கள் மின்பொருள் கடைக்கு ஒரே மாதிரிச் சீட்டோடு வந்தார்கள்: பிளக் பாயின்டுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டரை ஒயர் (2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு), 32 ஆம்பியர் எம்.சி.பி. (மின்சாரம் அளவை மீறினால் தானே அணையும் சுவிட்ச்) ஒன்று. விசாரித்தால், பிள்ளை இங்கிலாந்தில் இருக்கிறான். அங்கே அப்படித்தான் என்று படம் வரைந்து அனுப்பியிருக்கிறான். ஒயரைக் கொடுத்தோம், எம்.சி.பி.யைத் தரவில்லை. முகம் சுளித்துப் போனவர்களும் உண்டு. அதற்காகத்தான் இந்த மடல்.

பிள்ளை சொன்னது தவறில்லை. அங்கே ஒயர் எம்.சி.பி. பெட்டியிலிருந்து கிளம்பி, எல்லாச் சாக்கெட்டையும் தொட்டு, வளையமாக மறுபடி பெட்டிக்கே திரும்பும். மின்சாரம் இரு பக்கமும் பிரிந்து வருவதால் இரண்டரை ஒயர் 32 ஆம்பியரைத் தாங்குகிறது. போருக்குப் பிந்தைய செம்புத் தட்டுப்பாட்டில் பிறந்த சிக்கன ஏற்பாடு அது. ஆனால் 1947இல் வந்த அவர்களுடைய பிளக்குக்குள்ளேயே ஃபியூஸ் உண்டு. அதிகபட்சம் 13 ஆம்பியர். நம் 6, 16 ஆம்பியர் பிளக்குகளில் ஃபியூஸ் கிடையாது. மேசை விளக்கின் மெல்லிய ஒயர் 20 ஆம்பியரில் வெந்துகொண்டிருந்தாலும் 32 எம்.சி.பி. அசையாது.

இன்னொரு தொல்லை. வளையம் ஓரிடத்தில் அறுந்தாலும் எல்லாச் சாக்கெட்டும் வேலை செய்யும். சுமை முழுவதும் ஒரே பக்கமாகப் போவது யாருக்கும் தெரியாது. அங்கே மீட்டர் வைத்து வளையத்தைச் சோதிக்கிறார்கள். இங்கே சாக்கெட் மாற்ற வருபவர் ஒரு முனையைத் திருகாமல் விட்டால் கேட்பாரில்லை.

ஆகவே நம் வீட்டுக்குத் வளையமில்லாத தனித்தனிச் சுற்றுகளே சரி. விளக்குக்கு ஒன்றரை, 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு இரண்டரை, எம்.சி.பி.யும் 16தான். கீசர், ஏ.சி. ஒவ்வொன்றுக்கும் தனியாக நாலு. இரண்டரை போதுமே, நாலு எதற்கு என்று கேட்பவர்கள் சேலத்துக் கான்கிரீட் கூரையைச் சித்திரையில் தொட்டுப் பார்க்கட்டும். பைப்புக்குள் போகும் இரண்டரை ஒயருக்கு 30 டிகிரியில் 24 ஆம்பியர் என்பது அட்டவணைக் கணக்கு. 40 டிகிரியில் அதை 0.87ஆல் பெருக்க வேண்டும். அதே பைப்பில் இன்னொரு சுற்றும் போனால் மறுபடி 0.8ஆல். மிஞ்சுவது 17 ஆம்பியருக்கும் குறைவு.

மலையில் வெயில் தொல்லை இல்லை, தூரம்தான் தொல்லை. 40 மீட்டர் தள்ளியுள்ள அவுட்ஹவுசில் 3 கிலோவாட் கீசர் ஓடினால், இரண்டரை ஒயரில் ஏறத்தாழ 8 வோல்ட் வழியிலேயே போய்விடும். நாலில் 5.

ஒயர்ச் சுருள் கூடுதலாக விற்கத்தானே இவ்வளவும் என்று சிலர் கேட்பது காதில் விழுகிறது. விற்கும்தான். 32 எம்.சி.பி.யும் எங்களிடம் இருக்கிறது. ஆறு ஒயரில் மெயின் எடுப்பவர்களுக்குத் தருகிறோம்.

பழைய வீட்டுச் சீட்டில் 3/20 (20ஆம் கேஜ் கம்பி மூன்று சேர்ந்த ஒயர்) என்று எழுதி வருபவர்கள் அதை இரண்டரை என்று எண்ண வேண்டாம். அது 2 சதுர மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 7/20 என்றால் நாலரையைத் தாண்டும். வரும்போது எந்த அறையில் என்ன ஓடும், பெட்டியிலிருந்து எத்தனை மீட்டர் என்று குறித்து வாருங்கள். எலக்ட்ரீஷியனையும் அழைத்து வந்தால் நல்லது.

இப்படிக்கு,
கடையிலிருந்து